ஆட்டுக்குட்டியைக் குளிரில் பழக்க முடியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிறந்த குட்டிகளின் உடலில் சூடு உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பைப் பற்றித் தங்கள் இதழின் அறிவியல் பக்கத்தில் அண்மையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. தென்னாப்பிரிக்காவில் தமிழில் இப்படி எழுத முன்வருபவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். அதனால் எழுதியவருக்கு முதலில் எங்கள் பாராட்டு. ஆனால் கடைசிப் பத்தியில் அவர் சொன்ன யோசனையை அப்படியே விட்டுவிட முடியவில்லை. பாலூட்டிக் குட்டிகளுக்கு இந்தக் கொழுப்பின் நரம்புகள் பிறந்த பிறகுதான் வளர்கின்றன, ஆகவே முதல் சில நாட்கள் கொஞ்சம் குளிர் பட்டால் நரம்பு செழித்துக் குட்டி தேறும் என்ற பொருளில் அங்கே எழுதியிருந்தது. எலிக்கு இது ஓரளவு சரி. செம்மறிக் குட்டிக்கும் வெள்ளாட்டுக் குட்டிக்கும் இது உயிரைப் பறிக்கும் யோசனை.

ஆடிக் கஞ்சி வார்க்கும் மாதம் நமக்கு இங்கே நடுக்குளிர் காலம். அதை அடுத்துத்தான் குவாசுலு-நட்டாலின் மிட்லாண்ட்ஸ் பகுதியில் பலருடைய மந்தை ஈனத் தொடங்குகிறது. வசந்தம் வந்துவிட்டதே என்று நம்பியிருக்கவும் முடியாது. 2024 செப்டம்பர் 20, 21 தேதிகளில் வான் ரீனன் கணவாயில் என்3 நெடுஞ்சாலையையே பனி மூடியது நினைவிருக்கும். அப்படி ஓர் இரவில் யாராவது அந்தக் கட்டுரையை நம்பிக் குட்டிகளைக் கொட்டகைக்கு வெளியே விட்டுவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறோம்.

முதலில் அந்தக் கொழுப்பு வேலை செய்யும் விதம். சாதாரண வெள்ளைக் கொழுப்புச் செல்லில் ஒரே பெரிய எண்ணெய்த் துளி இருக்கும். பழுப்புச் செல்லில் சின்னச் சின்னத் துளிகள் பல, அவற்றைச் சுற்றி நெருக்கமாக, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாக்கள். அந்த மைட்டோகாண்டிரியாவின் உட்சவ்வில் யூசிபி1 என்ற புரதம் இருக்கிறது. மற்ற செல்களில் புரோட்டான்கள் சவ்வைக் கடந்து திரும்பும்போது, செல் தன் வேலைக்குச் செலவழிக்கும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு உருவாகும். இங்கே யூசிபி1 வழியாக அவை குறுக்கே கசிந்துவிடுவதால் கொழுப்பு எரிந்த ஆற்றல் முழுவதும் சூடாகவே வெளிப்படுகிறது. குட்டி நடுங்காமலே சூடு பிறப்பது இப்படித்தான்.

ஆனால் இந்தச் செல் தானாகப் பற்றிக்கொள்ளாது. தோலில் குளிர் உறைத்ததும் மூளையின் ஹைபோதலாமஸிலிருந்து கட்டளை புறப்படுகிறது. அது மூளைத்தண்டு, தண்டுவடம் வழியாக இறங்கி, முதுகெலும்பை ஒட்டிய பரிவு நரம்பு (நாம் நினைக்காமலே தானாக இயங்கும் நரம்பு வகை) முடிச்சுகளில் கைமாறுகிறது. அங்கிருந்து கிளம்பும் மெல்லிய நரம்பிழைகள் கொழுப்புச் செல்களுக்கு நடுவே போய் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. அது செல்லின் மேலுள்ள பீட்டா ஏற்பியைத் தொட்டதும் உள்ளே எண்ணெய்த் துளி உடைந்து கொழுப்பு அமிலங்கள் வெளியாகின்றன. அந்த அமிலங்களே யூசிபி1-ஐத் திறந்துவிடும் சாவி, அவையே எரிபொருளும். ஆக்ஸ்ஃபோர்டில் ஹல், சீகல் என்ற இரு ஆய்வாளர்கள், புதிதாகப் பிறந்த முயல் குட்டிகளில் 1965-இல் இதை நேரடியாகக் காட்டினார்கள். கழுத்துப் பரிவு நரம்பைத் தூண்டினால் கொழுப்பு சூடாயிற்று. நரம்பை வெட்டிவிட்டால் குளிர் பட்டும் அது அசையவில்லை. கொழுப்பு நிறைய இருந்தும் நரம்பு வந்து சேரவில்லையென்றால், விறகு அடுக்கிய அடுப்பில் தீக்குச்சி இல்லாத கதைதான்.

அந்த நரம்பு எப்படி வந்து சேர்கிறது என்பதைத்தான் கட்டுரை இரண்டே வரியில் தாண்டிவிட்டது. கருவில் பரிவு நரம்புச் செல்கள் முதுகுப் பக்கம் தோன்றி இடம்பெயர்ந்து முடிச்சுகளாகக் கூடுகின்றன. அங்கிருந்து நீளும் இழைகள் பெரும்பாலும் ரத்தக் குழாய்களைப் பிடித்துக்கொண்டே தூரத்துத் திசுக்களுக்குப் போகின்றன. போய்ச் சேர்ந்த இடத்தில் அந்தத் திசு நரம்பு வளர்ச்சிக் காரணியைச் சுரக்க வேண்டும். அது போதிய அளவு கிடைக்காத நரம்புச் செல் மடிந்துவிடும். இந்தக் காரணியைக் கண்டறிந்ததற்காகத்தான் ரீட்டா லெவி-மொண்டால்சினிக்கும் ஸ்டான்லி கோஹெனுக்கும் 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது. பழுப்புச் செல்களும் இந்தக் காரணியைச் சுரக்கின்றன. போதாக்குறைக்கு எஸ்100பி என்ற சிறு புரதத்தையும் வெளியே அனுப்பி நரம்பிழையை இழுக்கின்றன என்று 2019-இல் எலிகளில் கண்டார்கள். அந்தப் புரதம் வெளியேறத் துணைபுரியும் ஒரு சவ்வுப் புரதத்தை நீக்கிய எலிகளில் கொழுப்புக்குள் நரம்பு அடர்த்தி குறைந்துபோயிற்று. ஆக, நரம்பை அழைப்பது கொழுப்பு, கொழுப்பைப் பழுப்பாக வைத்திருப்பது நரம்பு. வளர்ந்த எலியில் இந்த நரம்பை இருபுறமும் வெட்டினால் யூசிபி1 குறைந்து, சின்னத் துளிகள் ஒன்றுகூடிப் பழுப்புத் திசு வெளுக்கிறது.

இனி, சிக்கல் தொடங்கும் இடம். இதெல்லாம் எந்த வயதில் நடக்கிறது என்பது இனத்துக்கு இனம் வேறு. எலி, சுண்டெலிக் குஞ்சுகள் மயிரில்லாமல், கண் திறக்காமல், கூட்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிறப்பவை. அவற்றின் தோள்பட்டைகளுக்கு இடையே உள்ள கொழுப்பு பிறக்கும்போதே ஓரளவு வேலை செய்யும் என்றாலும், நரம்பிழைகளின் அடர்த்தியும் நார்அட்ரினலின் அளவும் யூசிபி1-உம் முதல் இரண்டு வாரங்களில்தான் ஏறுகின்றன. அந்த நாட்களில் மிதமான குளிர் இந்த வளர்ச்சியைத் தூண்டும். சிரியன் ஹாம்ஸ்டர் குஞ்சுக்கு இன்னும் தாமதம், முதல் இரண்டு வாரம் வரை அதன் கொழுப்பு கிட்டத்தட்ட வெறும் கொழுப்புத்தான். ஆய்வகங்களில் வளர்ப்பது பெரும்பாலும் இந்தச் சிறு பிராணிகளைத்தான். எனவே புத்தகங்களில் ‘புதிதாகப் பிறந்த பாலூட்டி’ என்று பொதுவாகப் போட்டிருந்தாலும், அந்தச் சோதனை பெரும்பாலும் எலியில் செய்ததாகவே இருக்கும்.

செம்மறிக் குட்டி நேர் எதிர். கம்பளியோடு, கண் திறந்து, அரை மணியில் எழுந்து நிற்கப் பிறக்கும் பிராணி அது. அதன் பழுப்புக் கொழுப்பு முக்கியமாகச் சிறுநீரகங்களைச் சுற்றி இருக்கிறது. மொத்தம் உடல் எடையில் ஏறக்குறைய 2 விழுக்காடு, அதாவது 4 கிலோ குட்டிக்கு 80 கிராம் அளவில். நரம்பு கருவிலேயே வந்து சேர்ந்துவிடுகிறது. யூசிபி1 பிறப்பை ஒட்டி உச்சத்தில் இருக்கிறது. அதன் பிறகு இறங்குமுகம்தான். ஏறக்குறைய ஒரு மாதத்தில் அது மறைந்து அத்தனையும் வெள்ளைக் கொழுப்பாகிவிடும். எலிக்கு ஏறுமுகமாக இருக்கும் அதே நாட்களில் ஆட்டுக்குட்டி கையிருப்பைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது. அதைக் குளிரில் நிறுத்தி எந்த நரம்பைப் புதிதாக வளர்க்கப்போகிறோம்? இருக்கும் எரிபொருள் சீக்கிரம் தீரும், வேறொன்றும் நடக்காது.

நரம்பு முன்னமே தயார் என்றால், கருவில் ஏன் அது எரிந்து தீர்ந்துவிடவில்லை என்று கேட்கலாம். நல்ல கேள்வி. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 1980-களின் பிற்பகுதியிலிருந்து கன், கிளக்மன், பவர் ஆகிய ஆய்வாளர்கள் கருவில் இருக்கும் செம்மறிக் குட்டிகளிடம் இதைச் சோதித்தார்கள். கருவைக் குளிர்வித்தால் மட்டும் சூடு அதிகம் பிறக்கவில்லை. நுரையீரலுக்கு ஆக்சிஜன் கொடுத்ததும் கொஞ்சம் கூடியது. தொப்புள் கொடியை இறுக்கி நஞ்சுக்கொடியின் ரத்தத்தை நிறுத்தியதும்தான் முழு வேகம் வந்தது. அடினோசின், புரோஸ்டகிளாண்டின் போன்ற பொருட்கள் நஞ்சுக்கொடியிலிருந்து வந்து கொழுப்பை அடக்கிவைக்கின்றன. கொடி அறுந்து, மூச்சு வந்து, தோல் குளிர்ந்து, மூன்றும் கூடினால்தான் சூடு.

மேய்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது இந்த ஆக்சிஜன் விஷயத்தைத்தான். யூசிபி1 கொழுப்பை எரிப்பது ஆக்சிஜன் இருந்தால் மட்டுமே. பிரசவம் இழுத்தடித்த குட்டியின் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருக்கும். கொழுப்பும் நரம்பும் நிறைவாக இருந்தாலும் அதனால் சூடு எழுப்ப முடியாது. அடையாளம் கண்ணுக்கே தெரியும்: கம்பளி வெள்ளையாக இல்லாமல் மஞ்சள், பழுப்புக் கறை படிந்து பிசுபிசுப்பாக இருக்கும், தலையும் நாக்கும் வீங்கியிருக்கும். வயிற்றுக்குள்ளேயே மூச்சுத் திணறி முதல் மலத்தைக் கழித்துவிட்ட குட்டி அது. குண்டாக இருக்கிறதே, தாங்கிக்கொள்ளும் என்று அதை விட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. பெரிய குட்டிக்குத்தான் பிரசவம் கஷ்டமாவது. மஞ்சள் கறையோடு வரும் குட்டியைத்தான் முதலில் துடைக்க வேண்டும், முதலில் தெர்மாமீட்டர் வைக்க வேண்டும்.

துடைப்பதன் அருமைக்கு ஒரு கணக்கு. 1 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2.4 கிலோஜூல் சூடு வேண்டும். குட்டியின் மேல் ஒட்டியுள்ள பனிக்குட நீரில் 100 மில்லி காற்றில் உலர்ந்தால் 240 கிலோஜூல் போயிற்று. 4 கிலோ குட்டியின் உடல் வெப்பம் 1 டிகிரி இறங்குவதென்றால் அது இழப்பது சுமார் 14 கிலோஜூல்தான். அதாவது ஒரு பழந்துணியால் நாம் துடைத்து எடுக்கும் ஈரம், குட்டியின் உடலை 17 டிகிரி குளிர்விக்கப் போதுமானது. தாய் நக்கட்டும், நல்லதுதான். ஆனால் காற்றோடு தூறலும் சேர்ந்தால் நக்குவது போதாது.

இப்போது செய்முறை. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். வாயில் விரல் விட்டுப் பார்ப்பது முற்றிய நிலையைத்தான் காட்டும். 39 முதல் 40 டிகிரி இருந்தால் கவலையில்லை. 37-க்கும் 39-க்கும் இடையே என்றால் துடைத்து, தாயோடு ஒதுக்கிடத்தில் கட்டி, கிலோவுக்கு 50 மில்லி கணக்கில் சீம்பாலை வயிற்றுக் குழாய் வழியாகக் கொடுங்கள். குழாயின் நீளம் வாயிலிருந்து கடைசி விலா எலும்பு வரை. 20 நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள்.

37-க்குக் கீழே போய்விட்டால் குட்டிக்கு எத்தனை மணி நேரமாயிற்று என்பதை வைத்துத்தான் அடுத்த வேலை. 5 மணி நேரத்துக்குள் என்றால் அதன் பழுப்புக் கொழுப்பில் இன்னும் எரிபொருள் இருக்கிறது. ஈரமும் காற்றும் அதை மிஞ்சிவிட்டன, அவ்வளவே. துடையுங்கள், சூடேற்றுங்கள், 37-ஐத் தாண்டியதும் சீம்பால் கொடுங்கள். 5 மணி நேரத்தைத் தாண்டிய குட்டியோ கொழுப்பை எரித்து முடித்துவிட்டது, பாலும் குடிக்கவில்லை, ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்தில் இருக்கிறது. இதை அடுப்பருகே வைத்துச் சூடேற்றினால் உடல் விழித்துக்கொள்ளும், மூளை சர்க்கரை கேட்கும், கொடுக்க இருப்பில்லை. சூடேற்றும் பெட்டிக்குள் வைத்த கொஞ்ச நேரத்தில் வலிப்பு வந்து செத்துப்போகும். சூடு காட்டியும் செத்துவிட்டதே என்று அங்கலாய்ப்பவர்களின் குட்டிகளில் பல இந்த வகைதான். தலையைத் தூக்கி வைத்திருக்க முடிந்தால் முதலில் குழாயில் சீம்பால், பிறகு சூடு. தலை தொங்கிவிட்டதென்றால் குழாய் போடவே கூடாது, பால் நுரையீரலுக்குப் போய்விடும். முதலில் வயிற்றறைக்குள் குளுக்கோஸ் ஊசி, அடுத்து சூடு, தெளிந்து தலை தூக்கிய பிறகே பால்.

அந்த ஊசிக்கு 20 விழுக்காடு குளுக்கோஸ், கிலோவுக்கு 10 மில்லி. கடையில் 40 விழுக்காடாகக் கிடைப்பதோடு அப்போதுதான் கொதித்த நீரைச் சம அளவு கலந்தால் 20 ஆகும், ஆனால் உடல் சூட்டைவிட அதிகமாகச் சுடும், உடல் சூட்டுக்கு ஆறவிடுங்கள். மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்துவிட்டே ஏற்றுங்கள். குட்டியை முன்கால்களைப் பிடித்துத் தொங்கவிட்டு, தொப்புளுக்கு 2.5 செ.மீ. கீழே, 2.5 செ.மீ. பக்கவாட்டில், 19 கேஜ், 25 மி.மீ. ஊசியை வால் பக்கம் சரித்து 45 டிகிரிக் கோணத்தில் செலுத்த வேண்டும். நேராகக் குத்தினால் குடலிலோ ஈரலிலோ இறங்கும். கால்நடை மருத்துவர் ஒருமுறை கையைப் பிடித்துக் காட்டிக்கொடுக்காமல் யாரும் இதில் இறங்க வேண்டாம். புதிய ஊசி, சுத்தமான தோல் என்பவற்றில் சமரசம் கூடாது.

சூடேற்றும் பெட்டியின் காற்று 35 முதல் 37 டிகிரி போதும். அரை மணிக்கு ஒருமுறை குட்டியின் வெப்பநிலையைப் பார்த்து, 38-ஐ நெருங்கியதும் வெளியே எடுத்துவிடுங்கள். சிவப்பு பல்பைத் தாழ்வாகக் கட்டித் தோலைக் கருக்கிய குட்டிகளும் உண்டு, வைக்கோல் பற்றி எரிந்த கொட்டகைகளும் உண்டு. மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊரில் சுடுநீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைப்பதே எங்களுக்கு நம்பிக்கை. ஆறியதும் எடுத்துவிடுங்கள், ஆறிய பாட்டில் குட்டியிடமிருந்தே சூட்டை உறிஞ்சும். முதல் 24 மணி நேரத்துக்குள் மொத்தம் கிலோவுக்கு 200 மில்லி சீம்பால் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கொழுப்பு தீர்ந்த பிறகு குட்டிக்கு வேறு எரிபொருள் கிடையாது.

குட்டியைக் குளிரில் பழக்க முடியாது, ஆனால் தாயின் வழியாகச் செய்யக்கூடியது உண்டு. குளிர்காலத்தில், சினையாக இருக்கும்போதே கம்பளி கத்தரித்த தாய்களின் குட்டிகளுக்குப் பழுப்புக் கொழுப்பின் சூடாக்கும் திறன் கூடுவதை 1992-இல் பிரிட்டனில் சைமண்ட்ஸ் குழுவினர் காட்டினார்கள். கட்டுரையாசிரியர் கேள்விப்பட்டது இதுவாகவும் இருக்கலாம். ஆனால் அவை கொட்டகைக்குள் வைத்து நன்றாகத் தீனி போட்ட ஆடுகள். திறந்த வெளியில் மேயும் மந்தையைக் குளிரலை வரும் வாரத்தில் கத்தரித்தால் தாயே விழுந்துவிடும். வானிலை சேவை சிறு கால்நடைக்காரர்களுக்கென்று எச்சரிக்கை விடும் நாட்களில் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். அங்கோரா வெள்ளாடு வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை, அனுபவப்பட்டு அறிந்தவர்கள்.

அதைவிடப் பெரிது சினையின் கடைசி 6 வாரத் தீனி. அப்போது மெலிந்த தாய்க்குப் பிறக்கும் குட்டிக்குச் சிறுநீரகக் கொழுப்பு குறைவாகத்தான் இருக்கும், இரட்டைக் குட்டி என்றால் இன்னும் மோசம். அயோடினையும் மறக்கக் கூடாது. பழுப்புச் செல், தைராய்டு சுரப்பி அயோடினைக் கொண்டு உண்டாக்கும் தைராக்சின் என்ற ஹார்மோனைத் தன்னுள்ளேயே வீரியமான வடிவுக்கு மாற்றிக்கொள்கிறது. அது இல்லாமல் நரம்பின் கட்டளைக்கு முழுப் பலன் கிடைக்காது. குளிர்காலத் தீவனமாக ஜப்பானிய முள்ளங்கியோ கேல் கீரையோ போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: இந்தக் குடும்பப் பயிர்கள் தைராய்டை அடக்குபவை. சினை ஆட்டுக்கு அதையே முழுத் தீனியாக்காமல் புல்லோடு கலந்து, அயோடின் சேர்ந்த உப்புக்கட்டியும் வையுங்கள். தொண்டை வீங்கிப் பிறக்கும் குட்டி குளிர் தாங்காது.

மற்ற பிராணிகளைப் பற்றிச் சுருக்கமாக. பன்றிக்குட்டிக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. பன்றியினத்தில் யூசிபி1 மரபணு சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பழுதாகிவிட்டது. அது நடுங்கித்தான் சூடு காண வேண்டும், படுக்கும் இடம் 34 டிகிரி அளவில் இருக்க வேண்டும். நாய்க்குட்டிக்கு முதல் வாரத்தில் நடுங்கவும் வராது. குளிர்ந்த நாய்க்குட்டிக்கு முதலில் மெதுவாகச் சூடு, பிறகே பால். குளிர்ந்த குடல் அசையாது, பால் உள்ளேயே புளித்துவிடும்.

மனிதக் குழந்தைக்குப் பழுப்புக் கொழுப்பு ஏறத்தாழ 26-ஆம் வாரத்திலிருந்து தோன்றிப் பிறப்புவரை சேர்கிறது. பிடரி, தோள்பட்டைகளுக்கு நடுவே, சிறுநீரகங்களைச் சுற்றி இருக்கும். குறைமாதக் குழந்தைக்குக் கொழுப்பும் குறைவு, கட்டளையும் பலவீனம். தாயின் மார்போடு தோல்படக் கட்டி வைக்கும் கங்காரு முறையை மருத்துவமனைகள் வலியுறுத்துவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 36.5 முதல் 37.5 டிகிரி சரியான வெப்பநிலை. முதல் குளியலை 24 மணி நேரம் தள்ளிப்போடவும் அது சொல்கிறது. பிறந்த உடனே குளிப்பாட்டியாக வேண்டும் என்று நிற்கும் பாட்டிமார்கள் நம் வீடுகளில் இன்னும் உண்டு. அவர்களிடம் இதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டியது மருமகள் அல்ல, மகன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மேலே உள்ள வெப்பநிலை, மணி நேரக் கணக்கை மட்டுமாவது ஆகஸ்டுக்கு முன் ஒரு பெட்டிச் செய்தியாகப் பெரிய எழுத்தில் போடுங்கள். கொட்டகைக் கதவில் ஒட்டி வைக்க உதவும்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவத்திலும் ஆடு வளர்ப்பிலும் உள்ள வாசகர்கள்,
பீட்டர்மாரிட்ஸ்பர்க்